பல் போன இடத்தில் எலும்பு வைப்பது: இம்ப்ளான்ட்டுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் எனும் செயற்கை வேர் வைத்துக்கொள்ளலாம் என்று போனால், ‘எலும்பு பத்தாது, முதலில் எலும்புப் பவுடர் வைக்கணும்’ என்கிறார்கள். செலவும் கூடுகிறது, காத்திருக்கும் மாதங்களும் கூடுகின்றன. அந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. உங்கள் வாயையும் ஸ்கேனையும் பார்க்காமல் எழுதிய பதில்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பல்லைத்தானே எடுத்தார்கள், எலும்பு ஏன் குறைகிறது?

பற்களைப் பிடித்திருக்கும் எலும்பு மேடு பற்களுக்காகவே உருவானது. பல் முளைக்கும்போது கூடவே வளர்ந்து, பல் இருக்கும்வரைதான் முழு உருவத்தோடு இருக்கும். பிறவியிலேயே சில பற்கள் முளைக்காதவர்களுக்கு அந்த இடத்தில் மேடு ஒல்லியாகவே இருப்பதைப் பார்க்கலாம்.

பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. வேரை ஒட்டிய எலும்புச் சுவருக்கு ரத்த ஓட்டத்தில் ஒரு பங்கு அந்தப் படலம் வழியாகத்தான் போகிறது. பல்லை எடுக்கும்போது படலமும் போய்விடுவதால் சுவர் கரையத் தொடங்குகிறது. அதிகம் கரைவது உதடு, கன்னம் பக்கமுள்ள வெளிச்சுவர். மேல் முன்பற்களில் பலருக்கு அந்தச் சுவர் 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. பல் போன சில வருடத்தில் மேலுதடு உள்ளே விழுந்தாற்போல் தெரிவதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு வேகமாகக் குறையும்?

நினைப்பதைவிட வேகமாக. கடைவாய்ப் பக்கம் ஒரு பல்லை எடுத்தவர்களைத் தொடர்ந்து அளந்து பார்த்ததில், சுமார் 12 மி.மீ. இருந்த அகலம் ஓராண்டில் ஏறத்தாழ 6 மி.மீ. ஆகியிருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிட்டது. உயரமும் குறையும், ஆனால் அகலம் அளவுக்கு இல்லை.

அதன்பிறகு வேகம் தணியும், நிற்காது. மேலே கழற்றி மாட்டும் பல் செட் போட்டால் எலும்பு குறைவது நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்பதில்லை. செட் ஈறின் மேல்தான் உட்காருகிறது, எலும்புக்குள் எதையும் தருவதில்லை. செட் லொடலொடத்து, சில வருடத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் புதுப்பிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எனக்கு எலும்பு போதாது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த செயற்கை வேர். எலும்போடு டைட்டானியம் இறுகப் பிணைந்துகொள்ளும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் ப்ரோனமார்க் 1952-ல், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கவனித்தார். அந்த முறையில் 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படைத் தேவை மாறவில்லை: செயற்கை வேரைச் சுற்றி எல்லாப் பக்கமும் உயிருள்ள எலும்பு வேண்டும்.

கணக்கு எளிது. சாதாரணமாகப் பயன்படும் 4 மி.மீ. தடிமனான இம்ப்ளான்ட்டுக்கு, இரு பக்கச் சுவரையும் சேர்த்து 6 முதல் 7 மி.மீ. அகலம் வேண்டும். உயரம் 8 முதல் 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. இம்ப்ளான்ட் நுனிக்கும் அதற்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். மேல்தாடையின் கடைவாய்ப் பக்கம் எலும்புக்கு மேலேயே சைனஸ் எனும் காற்றறை இருக்கிறது.

முழு வாயையும் காட்டும் ஓபிஜி படத்தில் உயரம் தெரியும், அகலம் தெரியாது. ஆகவே ஓபிஜியை மட்டும் பார்த்து ‘எலும்பு நிறைய இருக்கு’ என்று சொன்னாலும் சரி, ‘இல்லவே இல்லை’ என்று சொன்னாலும் சரி, நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அகலத்தைச் சரியாகக் காட்டுவது சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேன். எலும்பு வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு அதைத் திரையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எத்தனை மி.மீ. இருக்கிறது, எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். எண் சொல்லித்தான் பதில் வர வேண்டும்.

கட்டாயம் வைத்தே ஆக வேண்டுமா? வேறு வழி இல்லையா?

பல பேருக்கு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

உயரம் கொஞ்சம் குறைவு, அகலம் நன்றாக இருக்கிறது என்றால் 6 மி.மீ. அளவிலான குட்டை இம்ப்ளான்ட்டுகள் உண்டு. கடைவாயில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. அகலம் கொஞ்சம் குறைவு என்றால் ஒல்லியான இம்ப்ளான்ட் சில இடங்களில் ஒத்துவரும். எல்லாப் பற்களும் போனவர்களுக்கு, எலும்பு மிச்சமிருக்கும் முன்பகுதியில் நான்கை வைத்து, பின்னாலுள்ள இரண்டைச் சாய்த்து இறக்கி, சைனஸையும் நரம்பையும் தொடாமலேயே முழு வரிசையையும் மாட்டும் முறை இருக்கிறது. மேல்தாடையில் எலும்பே இல்லாத நிலையில் கன்ன எலும்பில் போய்ப் பிடிக்கும் 30 முதல் 50 மி.மீ. நீள இம்ப்ளான்ட்டும் உண்டு. அது பெரிய கை பார்க்கும் வேலை, எல்லாக் கிளினிக்கிலும் நடக்காது.

இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருந்தால், அவற்றைப் பிடித்துப் பிரிட்ஜ் கட்டுவது வேகமாகவும் மலிவாகவும் முடியும். பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருந்தால், பிரிட்ஜுக்காக அவற்றைத் தேய்ப்பதற்கு மனம் வராது. அங்கேதான் எலும்பு வைத்து இம்ப்ளான்ட் போடுவது பொருள் தருகிறது. இன்னொன்று: வரிசையின் கடைசியில் ஒரே ஒரு பல் போய், மெல்லுவதில் எந்தக் குறையும் இல்லை, எதிர்ப்பல்லும் இறங்கி வரவில்லை என்றால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடலாம். யாரும் அபராதம் போடப் போவதில்லை.

எலும்பு வைத்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு. மேல் முன்பல் அதில் முக்கியமானது. எலும்பு இல்லாத இடத்தில் எப்படியோ இம்ப்ளான்ட்டை இறக்கிவிட்டால், சில வருடத்தில் ஈறு ஏறிச் சாம்பல் நிறத்தில் உலோகம் தெரியும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் நிலை வந்துவிடும்.

பல் எடுக்கும் அன்றைக்கே குழியில் எலும்புப் பவுடர் வைத்துவிடலாமா?

இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பல் எடுக்கும் முன்பே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். பிறகு செய்யும் பெரிய வேலையைவிட இது சிறியது, சுலபமானது. குழியில் பவுடரை நிரப்பி, மேலே ஒரு சவ்வை மூடித் தையல் போட்டால், சும்மா விட்ட குழியைவிட அகலத்தில் சராசரியாக 2 மி.மீ. அளவுக்கு மிச்சமாகிறது. சுருக்கம் முழுக்க நிற்பதில்லை, குறைகிறது. மி.மீ. கணக்கில் சின்னதாகத் தெரியலாம். 5 மி.மீ. இருப்பதற்கும் 7 மி.மீ. இருப்பதற்கும் இம்ப்ளான்ட்டில் எவ்வளவு வித்தியாசம் என்பதை மேலே பார்த்தோம்.

எல்லாக் குழிக்கும் இது வேண்டியதில்லை. ஞானப்பல் எடுத்த இடத்தில் யாரும் இம்ப்ளான்ட் வைப்பதில்லை; அங்கே பவுடர் வைப்பது வீண். சுவர்கள் தடிமனாக இருந்து, 2 மாதத்தில் இம்ப்ளான்ட் வைப்பதாக இருந்தாலும் அநேகமாகத் தேவைப்படாது. குழியில் சீழ் நிறைந்திருந்தால் முதலில் அது ஆற வேண்டும்.

வைக்காவிட்டாலும், பல்லை எப்படி எடுக்கிறார்கள் என்பது முக்கியம். வேரைப் பிளந்து, எலும்பை உடைக்காமல் பொறுமையாக எடுத்தாலே பாதி எலும்பு தப்பிக்கும்.

வைக்கும் எலும்பு எங்கிருந்து வருகிறது?

நான்கு வழி. உங்கள் உடம்பிலிருந்தே எடுப்பது முதல் வழி. கீழ்த்தாடையின் பின்பக்கம், மோவாய், பெரிய அளவு வேண்டுமென்றால் இடுப்பெலும்பு. இதில்தான் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, அதனால் இதைத் தரமான அளவுகோல் என்பார்கள். ஆனால் இன்னொரு புண் சேர்கிறது. மோவாயில் எடுத்தால் கீழ் முன்பற்கள் சில மாதம் மரத்துப் போனதுபோல் இருக்கலாம். இடுப்பில் எடுக்க மயக்க மருந்து கொடுத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, இறந்த பின் தானமாகக் கிடைத்து, திசு வங்கியில் பதப்படுத்திய மனித எலும்பு. மூன்றாவது, விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாடு, சில தயாரிப்புகளில் பன்றி. நான்காவது, கால்சியம் பாஸ்பேட் வகைகளைக் கொண்டு ஆலையில் செய்த செயற்கைப் பொருள்.

உலகெங்கும் மிக அதிகம் ஆராயப்பட்டது மாட்டு எலும்புப் பவுடர். அதிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் நீக்கி, தாதுச் சட்டகத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அது மெதுவாகக் கரையும். பல வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயிலும் துகள்கள் தெரியும். அது குறையல்ல, கன அளவைத் தாங்கிப் பிடிக்க அதுவே உதவுகிறது.

நான் சைவம். மாட்டு எலும்பு வேண்டாம் என்று சொல்லலாமா?

தாராளமாக. அதற்குமுன் அவர்களே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ‘பவுடர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அது மாடா, பன்றியா, மனிதரா, செயற்கையா என்பது பில் வந்த பிறகுதான் தெரிகிறது. மதம், உணவுப் பழக்கம், மனது எது காரணமாக இருந்தாலும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மேலே மூடும் சவ்வையும் மறக்காமல் கேளுங்கள். பவுடர் செயற்கையாக இருந்து, சவ்வு பன்றித் தோலின் கொலாஜன் எனும் புரதத்தில் செய்ததாக இருக்கும் சந்தர்ப்பம் உண்டு.

பல இடங்களில் செயற்கைப் பொருளால் வேலை முடியும். குழியை நிரப்ப, சைனஸுக்கு அடியில் வைக்க அது நன்றாகவே உதவும். உங்கள் சொந்த எலும்பைக் கொஞ்சம் சுரண்டி அதோடு கலந்து வைப்பதும் வழக்கம்தான். வைத்த பாக்கெட்டில் தொகுதி எண்ணோடு ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

பவுடர் எப்படி எலும்பாக மாறுகிறது?

பவுடர் எலும்பாக மாறுவதில்லை. எலும்பை வளர்ப்பது உங்கள் ரத்தமும் செல்களும்தான். கொடி படரப் பந்தல் போடுவதுபோல, வரும் செல்களுக்கு ஓர் இடத்தைப் பிடித்துவைப்பது மட்டுமே பவுடரின் வேலை.

ஈறு எலும்பைவிட வேகமாக வளரும். தடுக்காவிட்டால் அந்த இடத்தை ஈறு பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் நடுவில் சவ்வு. சவ்வு கிழியாமல், தையல் பிரியாமல், பவுடர் அசையாமல் சில மாதம் இருந்துவிட்டால் வேலை பெரும்பாலும் நடந்துவிடும். அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வரும். கிராஃப்ட் செய்த, அதாவது எலும்பு வைத்த, இடத்தை நாக்காலும் விரலாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று சொல்வது இதற்காக.

ஒரு பக்கம் மட்டும் சுவர் இல்லை, மற்ற மூன்று சுவர்களும் இருக்கின்றன என்றால் எலும்பு சுலபமாக வரும். அகலத்தைக் கூட்டுவது நடக்கிற காரியம். உயரத்தைக் கூட்டுவதுதான் கஷ்டம். கீழ்த்தாடைக் கடைவாயில் 5 மி.மீ. உயரம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது மிகச் சுலபமாகச் சொன்னால், இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

சைனஸ் லிஃப்ட் என்கிறார்களே, மூக்கையா அறுப்பார்கள்?

இல்லை. மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே, கன்னத்துக்குள் இருக்கும் காற்றறைதான் சைனஸ். பல் போனபின் எலும்பு கீழிருந்து குறைகிறது. சைனஸ் மேலிருந்து கீழே விரிகிறது. இரண்டும் சேர்ந்து நடுவில் 2, 3 மி.மீ. எலும்பு மட்டும் மிஞ்சுவது சாதாரணம்.

சைனஸின் தரையில் 1 மி.மீ.கூட இல்லாத ஒரு சவ்வு உண்டு. அதைக் கிழிக்காமல் மேலே தூக்கி, அடியில் உண்டாகும் இடத்தில் பவுடரை நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். 1980-ல் இந்த முறை மருத்துவ இதழில் வெளியானது. எலும்பு ஓரளவு மிச்சமிருந்தால் இம்ப்ளான்ட்டுக்குத் துளைக்கும் வழியாகவே மெல்லத் தட்டித் தூக்கலாம். இது சின்ன வேலை. மிகவும் குறைவு என்றால் கன்னப் பக்கம் ஈறைத் திறந்து, எலும்பில் சிறு சன்னல் வைத்துத் தூக்குவார்கள். 4, 5 மி.மீ. எலும்பு இருந்தால் அன்றே இம்ப்ளான்ட்டையும் வைத்துவிடலாம். அதற்கும் குறைந்தால் முதலில் பவுடர், 6 முதல் 9 மாதம் கழித்து இம்ப்ளான்ட்.

சன்னல் முறையில் அடிக்கடி வரும் சிக்கல் சவ்வில் ஓட்டை விழுவது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு நடக்கிறது. சின்ன ஓட்டை என்றால் கொலாஜன் வைத்து அடைத்துத் தொடர்வார்கள், பெரிதானால் அன்றைக்கு மூடிவிட்டு சில மாதம் கழித்து மறுபடி முயல்வார்கள். மூடிவிட்டு அனுப்பினால் கோபப்படாதீர்கள், அதுதான் சரியான முடிவு.

சைனஸ் வேலைக்குப் பிறகு 2, 3 வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. விமானப் பயணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடும் சளியோ சைனஸ் தொல்லையோ இருந்தால் அதைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

வலிக்குமா?

மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள். அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாள் முகம் வீங்கும். கன்னத்தில் நீலம் பாரிக்கலாம். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், ஒரு வாரம் இட்லி, ரசம் சாதம், ஆறிய கஞ்சி போதும். நான்காம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, சீழ் வந்தாலோ, உதட்டில் மரத்த தன்மை மறுநாளும் போகாமல் இருந்தாலோ உடனே போன் செய்யுங்கள். சில துகள்கள் மணல்போல் வாயில் வந்தால் பயப்பட வேண்டாம், தொடர்ந்து வந்தால் காட்டுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். செய்யலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 7-க்கு அருகில் இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் தயங்க மாட்டார்கள். 9, 10 என்று இருந்தால் புண் ஆறாது, தொற்று வரும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டு சர்க்கரையைக் குறைத்துவிட்டு வருவதில் நட்டம் எதுவும் இல்லை.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. பல்லுக்காக நிறுத்திவிட்டு மாரடைப்பை வரவழைத்துக்கொள்வதைவிடக் கொஞ்சம் ரத்தம் கசிவது மேல். இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எலும்புத் தேய்மானத்துக்கான மருந்துகள். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட், வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் டெனோசுமாப். எலும்பு கரைவதைத் தடுக்கும் இந்த மருந்துகள், தாடையில் கத்தி வைத்தால் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் நிலையை அரிதாக உண்டாக்கலாம். தேய்மானத்துக்கு எடுப்பவர்களுக்கு அபாயம் குறைவு. புற்றுநோய் எலும்பில் பரவியதற்காக அதிக அளவில், அடிக்கடி ஏற்றிக்கொள்பவர்களுக்கு அபாயம் மிக அதிகம். அவர்கள் இம்ப்ளான்ட்டை நினைக்காமல் இருப்பதே நல்லது. அம்மா, பாட்டியை அழைத்துப் போகும்போது ‘மூட்டு டாக்டர் வருஷத்துக்கு ஒரு ஊசி போடுறார்’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அது மாத்திரைப் பட்டியலில் இருக்காது. டெனோசுமாபைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, முதுகெலும்பு உடையும் அளவுக்கு எதிர்விளைவு வரலாம்.

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்கள், சாதாரணப் பல் எடுப்பதற்கே சிகிச்சை கொடுத்த குழுவைக் கேட்க வேண்டும்.

புகை பிடிப்பவர்கள்?

நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; ரத்தம் வராத இடத்தில் கிராஃப்ட் பிழைக்காது. குறைந்தது ஒரு வாரம் முன்பும் 2 மாதம் பின்பும் நிறுத்தச் சொல்வார்கள். அதுகூட முடியாது என்பவருக்கு, என் கருத்தில், பெரிய கிராஃப்ட் செய்யாமல் இருப்பதே நியாயம். பாக்கு, புகையிலை அடக்கும் பழக்கத்தால் வாய் சரியாகத் திறக்காமல் போனவர்களுக்கு வேறொரு தடை: கடைவாயில் துளைக்கும் கருவி உள்ளே நுழையவே இடம் இருக்காது.

வயதாகிவிட்டதே, எலும்பு ஒட்டுமா?

ஒட்டும். 75 வயதில் நலமாக இருப்பவருக்கு, 45 வயதில் சர்க்கரையோடு புகையும் பிடிப்பவரைவிட நன்றாக ஒட்டும். மேல்வரம்பு என்று எதுவும் இல்லை, கீழ்வரம்பு உண்டு. தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் வைத்தால், மற்ற பற்கள் வளர்ந்து இறங்க, இது மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி வைப்பதாகச் சொல்கிறார்கள். அது வேலை செய்யுமா?

பிஆர்எஃப் என்பார்கள். 2001-ல் பிரான்சில் தொடங்கியது. கையிலிருந்து எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றினால் மஞ்சளாக ஒரு ஜெல் திரளும். ஈறு ஆறுவதற்கும், வலி குறைவதற்கும் உதவுகிறது. பவுடரோடு கலந்து வைத்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அது மட்டுமே போதும், எலும்பு தானாக வந்துவிடும் என்று பெரிய குறைபாட்டுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தோற்றுப்போனால்?

அநேகமாக நடப்பது தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரிவது. உடனே பார்த்தால் பாதி எலும்பாவது மிஞ்சும். முழுக்கத் தொற்று ஏறினால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஆறிய பிறகு திரும்பத் தொடங்க வேண்டியதுதான். அப்போது யார் செலவு என்பதை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் இரு தரப்புக்கும் சங்கடம்.

செலவை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன், பவுடர், சவ்வு, அறுவை, இம்ப்ளான்ட், மேலே வைக்கும் கேப் என்று ஒவ்வொன்றும் தனி. பவுடர் அரை கிராம், ஒரு கிராம் பாட்டில்களில் வரும். எத்தனை பாட்டில் என்பதில்தான் தொகை ஏறி இறங்கும். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் இதற்குப் பெரும்பாலும் பணம் வராது, விபத்தில் தாடை அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வதால் தனியார் கிளினிக்கைவிடக் குறைவாக முடியும். சென்னை, சிதம்பரம் அரசுக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். பலமுறை அலைய வேண்டியிருக்கும், அதற்கு நேரம் இருப்பவர்களுக்கு நல்ல வழி.

எலும்பு வைத்தாகிவிட்டது. வெளிநாடு போகிறேன், இம்ப்ளான்ட்டை இரண்டு வருடம் கழித்து வைக்கலாமா?

கூடாது. குழியில் வைத்த எலும்பு 3, 4 மாதத்திலும், அகலம் கூட்ட வைத்தது 6 மாதத்திலும் தயாராகிவிடும். அதன்பின் அங்கே செயற்கை வேர் இல்லாவிட்டால், உடம்பு தேவையில்லாத எலும்பைப் பழையபடி கரைக்கத் தொடங்கும். இடுப்பிலிருந்து எடுத்து வைத்த எலும்பு இன்னும் வேகமாகச் சுருங்கும். பயணம் உறுதி என்றால் கிராஃப்ட்டையே திரும்பி வந்தபின் செய்துகொள்ளுங்கள். இல்லை, போவதற்குள் இம்ப்ளான்ட்டையும் வைத்து ஈறுக்குள் மூடிவிட்டுப் போங்கள். மேலே கேப் மாட்டுவதை வேண்டுமானால் விடுமுறைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் போகும்போது ஸ்கேன் பதிவையும், இம்ப்ளான்ட்டின் நிறுவனம், அளவு எழுதிய அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த அட்டை இல்லாமல், எந்தத் திருகாணி பொருந்தும் என்று அங்குள்ள மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.